கொப்புளம் வருவதற்கு முன்

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் ஜீவராணி அக்கா பதினாறு வயதில் கொழுந்துக்கூடை சுமக்கத் தொடங்கியவர். இப்போது நாற்பத்தாறு. மூன்று வருடங்களுக்கு முன் தோட்டம் குடும்பத்துக்குக் குடும்பம் தேயிலையைப் பராமரிக்கப் பிரித்துக் கொடுத்தபோது, ஓடைப் பக்கம் ஆயிரத்து இருநூறு செடிகள் அவருக்குக் கிடைத்தன. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்காமல் தன் நேரத்துக்கு வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

போன மழைக்குக் கொப்புள நோய் வந்தது. இளம் இலையின் அடியில் வெள்ளையாகப் புடைத்து, பிறகு கருகிவிடும். பாதிக் கொழுந்து போயிற்று. மலையில் வேலைகளை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு வந்து, "அடுத்த மழைக்கும் இப்படின்னா செடிய வேற ஆளுக்குக் குடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டார்.

இந்த வருடம் செம்பு மருந்துக்குப் பதிலாகத் தோட்டம் பழுப்புக் கடற்பாசிச் சாறு கொடுத்தது. எங்கள் பக்கத்தில் கொப்புளத்தைக் கண்ட பிறகுதான் மருந்து டேங்கைத் தோளில் மாட்டுவார்கள். அக்காவும் வைகாசியில் கொப்புளம் தெரிந்த அன்றே அடித்தார். நோய் நிற்கவில்லை.

"கடலயே பாக்காத தேயிலைக்குக் கடல்பாசியா? அடுத்து கருவாடு குடுப்பாங்க பாரு" என்றார் பக்கத்துச் செடிக்காரர் அழகன்.

"குடுத்தா மொதல்ல ஒங்க வீட்டுச் சட்டிக்குத்தான்ணே போகும்" என்றார் அக்கா.

அன்று மாலை அக்கா சாற்றுப் போத்தலோடு, சிங்களம் வாசிக்கத் தெரிந்த என்னிடம் வந்தார். அதில் ஒட்டியிருந்த தாள் முழுவதும் சிங்களம். வாசித்துச் சொன்னேன்.

"இது நோயக் கொல்லாதாம்கா. பாசியில ஒரு சக்கரை, சங்கிலி மாதிரி நீளமா கோத்திருக்குமாம். அது மேல பட்டா, நோய் வந்துருச்சுன்னு நெனச்சு இலை தன்னைக் காப்பாத்திக்கத் தயாராகுமாம். முன்னாடியே அடிக்கணும்."

"அப்ப நல்லா இருக்குற இலைகிட்ட பொய் சொல்லணும்."

"அப்படித்தான்."

நோய் பிடித்த கொழுந்தையெல்லாம் கிள்ளிப் புதைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் கொழுந்து எடுத்த இரண்டாம் நாள், செடி சுத்தமாக இருக்கும்போதே அடித்தார். நல்ல வெயிலில் டேங்கோடு நடப்பவரைப் பார்த்து, "யாருக்கு நோவு?" என்று அழகன் கேட்டார். அக்கா அடுத்த வரிசைக்குத் திரும்பினார்.

ஆடியில் பதினொரு நாள் பனிமூட்டம் விலகவே இல்லை. பன்னிரண்டாம் நாள் கண்டாக்கு வந்து மேல் வரிசைகளில் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கொப்புளம். ஓடையோரத்தில் மட்டும் நிறைய. அக்கா அவரைத் தானே அங்கே கூட்டிப் போனார்.

"இங்க வெயிலே படாதுங்க ஐயா. இங்க மட்டும் மருந்து கேக்கல."

"மேல எத்தன தடவ அடிச்ச?"

"மூணுங்க. கொழுந்து எடுத்த ரெண்டாம் நாளு."

கண்டாக்கு ஓடையோர மரங்களை அண்ணாந்து பார்த்தார். "நெழல் மரத்துக் கெளைய வெட்டச் சொல்றேன். செடி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் போனதும் அழகன் மெதுவாக இறங்கி வந்தார். "போத்தல்ல மிச்சம் இருக்கா தங்கச்சி?"

"இருக்குண்ணே. ஒங்க செடியில கொப்புளம் இருக்கா?"

"நெறைய."

"அப்ப இன்னைக்கு வேணாம். மொதல்ல அத எல்லாம் கிள்ளிப் பொதச்சிட்டு வாங்க."