தூசி இல்லை என்ற டாக்டர்

எங்கள் ஊரில் எவன் இருமினாலும் ஒரே பதில்தான்: தூசி. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். முருங்கைக் கீரையைக் கழுவினால்தான் பச்சை தெரியும். நான் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன். மூக்கில் பொருக்குத் தட்டி, நாற்றமடித்து, குரல் கட்டிக்கொண்டபோது எனக்கு மட்டும் வேறென்ன சொல்லிவிடப் போகிறார்கள்? வெல்லம் தின்னு, தூசி இறங்கிவிடும் என்றார்கள். ஆலைக்காரர்களின் சர்வரோக நிவாரணி அது. தின்று தீர்த்தேன்.

ஆலை டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “இது தூசி இல்லப்பா. உள்ள சதை வளருது. பெரம்பலூர் போயி டெஸ்ட் எடு” என்றார்.

வந்து சொன்னதும் ஷெட்டே சிரித்தது. கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவர் என்றைக்குத் தூசி என்று சொல்லியிருக்கிறார்? நெஞ்சடைத்தவனுக்குக்கூட பீடிதான் காரணம் என்றவர். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்கக் குரல் இருந்தது.

அடுத்த மழைக்குள் மூச்சு விசிலடித்தது. நாற்றம் தாங்காமல் மனைவி பாயைத் தள்ளிப் போட்டாள். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னாலேயே மூச்சு முட்டிச் சாய்ந்தேன். தம்பிதான் பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். கழுத்தில் துளை போட்டு உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அபூர்வமான கிருமியாம். மூக்கில் குடியேறி, தொண்டைக்கு இறங்கி, கட்டி கட்டியாக மூச்சுக்குழலை அடைக்குமாம். முன்பே வந்திருந்தால் குரல் தப்பியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. பல மாதம் மாத்திரை விழுங்கியதில் கிருமி செத்தது. தழும்பு இறுகி, குரல்வளை அடைத்தது அடைத்ததுதான். கழுத்துக் குழாய் கட்டையோடு போகும்.

போன வாரம் தம்பி வந்தான். அவனுக்கும் அதே ஆலை. சாயங்காலமானால் காய்ச்சல், சளியில் ரத்தம். தூசி இல்லை, சளியைச் சோதித்துப் பார் என்றாராம் அதே டாக்டர். சிரித்துக்கொண்டே சொன்னான்.

என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“ஒங்க விசயத்துல ஒரு தடவ வாய் தவறி உண்மையச் சொல்லிட்டாருண்ணே. எப்பவும் சொல்லிடுவாரா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துளையை விரலால் பொத்திக் கத்தினேன். காற்றுக்கூட வரவில்லை, மூச்சுதான் திணறியது. அவன் கையிலிருந்த வெல்லத்தைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன்.

போய் எடுத்தான். தூசியை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.