நாலு மேட்டுக்கு ஓர் ஆணி

பிற்பகல் நான்கு மணி பதினேழு நிமிடம். நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். மட்டக்களப்பிலிருந்து மகள் அழைத்திருந்தாள். அழைப்பு வந்த நேரத்தையும் அது அறுந்த நேரத்தையும் என் கைத்தொலைபேசி இன்னும் வைத்திருக்கிறது. நான் அழிக்கவில்லை.

"அப்பா, டொக்டர் ஓமெண்டிட்டார். கார்த்திகை பிறக்க வாறன். பிள்ளைப்பேறு அங்கதான். அம்மாட்டச் சொல்லுங்கோ."

சொல்வதற்குக் குசினிப் பக்கம் திரும்பினேன். அக்கராயன் குளத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது காற்றின் சத்தமாக என் காதில் விழவில்லை, ஷெல் வரும் சத்தமாகத்தான் விழுந்தது. நிலத்தில் படுத்துவிட்டேன். மனைவியும் கையில் அகப்பையோடு குசினி வாசலில் குந்திவிட்டாள். எங்கள் வயதுக்காரருக்கு உடம்பு முதலில் படுத்துவிடும், யோசனை பிறகுதான் வரும். நிமிர்ந்து பார்த்தபோது மேற்குப் பக்க அறைக்கு மேல் வானம் தெரிந்தது. நீல நிறக் கூரைத் தகடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, வரம்பைத் தாண்டி, பக்கத்து வயலில் போய் இறங்கிக்கொண்டிருந்தன.

அது மகளின் அறை. கலியாணத்துக்கு முன் அவள் படுத்த கட்டிலும், பாடசாலைக் கொப்பிகளைப் பூட்டி வைத்த அலுமாரியும் அதற்குள் இருந்தன. மழை எல்லாவற்றின் மேலும் பெய்தது.

மகள் பிறந்தது துணுக்காயில், ஒரு தறப்பாளுக்குக் கீழே. சண்டைக்குள் கிளிநொச்சியை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மருத்துவிச்சி அம்மா உள்ளே இருந்தா. நான் வெளியே மழையில், காற்று தூக்காதபடி தறப்பாளின் ஒரு மூலையை மிதித்துக்கொண்டு நின்றேன். அவளின் முதல் அழுகையைக் கேட்டது அப்படி நின்றபடிதான். எங்கள் வீட்டுத் தகரங்கள் பக்கத்திலேயே அடுக்கிக் கிடந்தன. கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தோம். ஒரு கொட்டில் போடத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

பிறகு அந்தத் தகரங்களுக்குக் கீழேதான் அவள் வளர்ந்தாள். ஒவ்வோர் இடத்திலும் பூட்டினோம், கழற்றினோம், ஏற்றினோம். கடைசி முறை அவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். அவள் கலியாணம் முடித்துப் போன நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அவளின் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இந்த அறைக்குக் கொண்டுவர வேண்டும். அவளுக்குக் கிடைக்காத கூரை அதற்காவது கிடைக்க வேண்டும். இதை நான் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

வங்கிக் கடனில் கட்டிய வீடு. காப்புறுதி செய்தால்தான் கடன் என்றார்கள், செய்தேன். ஆகவே காற்றடித்த மறுநாளே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தேன். ஒன்பதாம் நாள் ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். அதற்குள் வயலில் கிடந்த தகடுகளை அயலவரோடு சேர்ந்து பொறுக்கி, அளவு பார்த்து அடுக்கி, கயிற்றால் கட்டி, வாசற் படலைக்குக் கிட்ட வைத்திருந்தேன். ஒருவரும் செய்யச் சொல்லவில்லை. தகடு நிலத்தில் கிடந்தால் இங்கே எல்லாரும் அதைத்தான் செய்வோம்.

"இதென்ன ஐயா, காத்துக் கழட்டினதோ, நீங்கள் கழட்டி வைச்சதோ?"

"காத்துத்தான், தம்பி."

"காத்து கயிறும் கட்டுமோ?" என்று சிரித்தார். பிறகு குனிந்து தகட்டின் நெளி மேடுகளிலிருந்த ஆணித் துளைகளை எண்ணினார். சிரிப்பு நின்றுவிட்டது. தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார்.

ஒரு மாதம் கழித்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. தகடுகள் முறைப்படி பொருத்தப்படவில்லை, ஆகவே சேதத்துக்குக் காற்றே காரணம் என்று ஏற்க முடியாது, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. மறுபரிசீலனை கேட்பதென்றால் ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும். விறாந்தையில் இருந்து மனைவிக்குத் தமிழில் சொன்னேன்.

"முறைப்படி எண்டால் என்ன?"

"ஒண்டுவிட்ட ஒரு மேட்டுக்கு ஆணி பூட்ட வேணுமாம்."

"எங்கட கூரைக்கு?"

"நாலு மேட்டுக்கு ஒண்டு."

"அப்ப கூரை போட்ட ஓடாவியார் எங்களை ஏமாத்திப் போட்டாரோ?"

அந்த மனிதர்மேல் பழியைப் போட ஒரு சொல் போதும். "இல்லை, நான்தான் அப்பிடிப் பூட்டச் சொன்னனான்" என்றேன்.

"ஏன்?"

"கழட்டச் சுகமா இருக்குமெண்டு."

"இஞ்சருங்கோ, நீங்கள் கட்டினது வீடோ, கூடாரமோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து குசினிக்குள் போனாள். சட்டிகள் வழமையைவிடப் பலமாகச் சத்தம் போட்டன. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியோடு வந்து, கதிரையின் கையில் கோப்பையை வைத்தாள்.

"என்ர பையும் ஒண்டு கட்டினபடி கிடக்கு" என்றாள், என்னைப் பாராமல். "எங்கட அலுமாரிக்குப் பின்னால. பத்திரங்கள், ரெண்டு சீலை, ஒரு தண்ணிப் போத்தல்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது.

ஓடாவியார் விசயம் அறிந்து சைக்கிளில் வந்தார். "அண்ணை, நான்தான் களவாக் குறைச்சுப் பூட்டினனான் எண்டு எழுதித் தாறன். உங்களுக்கு ஏன் கவலை? எனக்கென்ன, என்னை ஏற்கனவே கள்ளனெண்டுதானே ஊர் சொல்லுது." சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் எழுதியும் தந்திருப்பார். நான் விடவில்லை.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. மகளின் அறைக்கு மேலே தறப்பாள் கட்டியிருந்தோம். காற்று வரும்போதெல்லாம் அது உப்பி அடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் கால் தன்பாட்டில் ஒரு மூலையைத் தேடும்.

"அப்பா, கூரை சரியோ?" மகள் ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

"சரியாகுது, பிள்ளை."

"மாமி இஞ்சயே நிண்டிடு எண்டுறா. மாரிக்குள்ள அலையாதை எண்டுறா. நல்ல மனுசி, பாவம். நான் அவாவுக்கு என்ன சொல்ல?"

வா என்று சொல்ல வாய் வரவில்லை. வராதே என்றும் சொல்ல முடியவில்லை. அவளைத் தறப்பாளுக்குக் கீழே பெற்றோம். அவளின் பிள்ளையையும் அதற்குக் கீழே எப்படிக் கிடத்துவது?

கமநல நிலையத்தில் எழுதுவினைஞனாக எத்தனையோ வருடம். வெள்ளத்தில் பயிர் போன விவசாயிகளுக்கு நான் எழுதிக் கொடுத்த மேன்முறையீடுகளுக்குக் கணக்கில்லை. என்னுடையதை எழுத மூன்று நாள் வெறும் தாளோடு இருந்தேன். மூன்றாம் நாள் சுவரில் சாத்திக் கிடந்த ஏணியைப் பார்த்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. காப்புறுதி தருவதற்கு முன் அவர்களின் உத்தியோகத்தர் ஒருவர் வந்து, அந்த ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தவர். மகளை அழைத்துக் கேட்டேன்.

"அந்த ஏணிக்காரரோ!" அவள் சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "ஏறிப்போட்டு இறங்கப் பயந்து, 'அம்மா பிடியுங்கோ, அம்மா பிடியுங்கோ' எண்டு கத்தினவர்தானே? படம் எடுத்து வைச்சிருக்கிறன் அப்பா. அவரின்ர முகத்துக்காகத்தான் எடுத்தனான்."

படம் வந்தது. உச்சிப் படியில் கண்ணை இறுக்கி மூடியபடி உத்தியோகத்தர். கீழே ஏணியைப் பிடித்தபடி என் மனைவி. அவரின் விரல்கள் பற்றியிருந்த இடத்தில் ஓர் ஆணி, பிறகு வெறும் மேடுகள், பிறகு அடுத்த ஆணி. எண்ணக்கூடியதாக இருந்தது.

அன்று மாலையே தமிழில் எழுதினேன். ஆணிகள் குறைவு என்பது உண்மை, குறைக்கச் சொன்னவன் நான். ஆனால் உங்கள் உத்தியோகத்தர் ஏறித் தொட்டுப் பார்த்த பிறகே காப்புறுதி தந்தீர்கள்; அவரின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதே விதமாகப் பூட்டிய கிழக்குப் பக்கம் அதே காற்றில் அசையவில்லை. அடுத்த வளவில் முறைப்படி பூட்டிய கூரையோ முழுதாகப் போனது. இதற்குச் சாட்சியாகக் கிராம அலுவலர் விதானையாரின் கடிதத்தையும் படத்தையும் இணைத்து அனுப்பினேன்.

இரண்டு கிழமையில் வவுனியாவிலிருந்து ஒரு பெண் மேலதிகாரி வந்தா. ஐம்பது வயதிருக்கும். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே ஏணியில் ஏறினா. இறங்கி வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தா.

"ஐயா, கடிதத்தில நீங்கள் ஒண்டு எழுதேல்லை. ஏன் நாலுக்கு ஒண்டு?"

சொன்னேன். துணுக்காய், உழவு இயந்திரம், தகரங்கள் எல்லாவற்றையும். தொடங்கின பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவா பேனையை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தா.

"இதை எழுத எங்கட படிவத்தில இடமில்லை" என்றா கடைசியில். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினா. போகும்போது படலையில் நின்று, "அடுத்த முறை தகடுகளைக் கட்டி வைக்காதேங்கோ. விழுந்த இடத்திலயே கிடக்கட்டும்" என்றா.

"அடுத்த முறையோ!" குசினிக்குள்ளிருந்து மனைவி கத்தினாள்.

கோரிக்கையை முழுவதும் ஏற்கவில்லை. மேற்குப் பக்கத்துக்கு மட்டும் இழப்பீடு, கூரை முழுவதற்கும் முறைப்படி ஆணி பூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மழை விட்ட ஒரு காலையில் ஓடாவியார் ஏறினார். மனைவி முற்றத்தில் நின்று எண்ணினாள். நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். ஒவ்வோர் ஆணி இறங்கும்போதும் என்னவோ செய்தது. பயம் என்று சொல்லலாம். இத்தனை காலம் கையில் வைத்திருந்த ஏதோவொன்றை ஒருவர் வாங்கிக்கொண்டு போவது போலவும் இருந்தது.

"அண்ணை, ஒரு மூலையை விடட்டோ, உங்கட ஆசைக்கு?" மேலேயிருந்து ஓடாவியார் கேட்டார்.

"அவரைக் கேளாதேங்கோ, தம்பி. நீங்கள் பூட்டுங்கோ. அப்பிடியே அந்தக் கைமரத்தில பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்ட ஒரு கொழுக்கியும் போட்டு விடுங்கோ" என்றாள் மனைவி.

பின்னேரம் மனைவி அலுமாரிக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள். பத்திரங்களைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். இரண்டு சீலைகளையும் தோய்த்துக் கொடியில் போட்டாள், பிள்ளைக்கு ஏணை கட்ட.

கார்த்திகை முதற் கிழமை, நல்ல மழைக்குள் வான் வண்டி வந்து நின்றது. மகள் இடுப்பைப் பிடித்தபடி மெல்ல இறங்கினாள். தாய் குடையோடு ஓடினாள். மகள் நனைந்த செருப்போடு நேரே தன் அறைக்குள் போய், நடுவில் நின்று, அண்ணாந்து பார்த்தாள். தகட்டின்மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. தாய் எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்ற என்னை மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பா, இனி இதைக் கழட்டேலாதுதானே?"