கல் கேட்ட வடை

2006 ஆடி அமாவாசை முடிந்து நாலாம் நாள், பேர்கனில் காலை எட்டு மணி ரயிலில் ஏறினேன். ஒஸ்லோவுக்கு ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்து படம் பிடிக்கும் மலைப்பாதை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனைவியின் தம்பி ரவியை, அவன் துப்புரவு வேலை செய்யும் நூதனசாலையில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் நோர்வேஜிய மொழி அவனுடையதைவிடக் கொஞ்சம் திருத்தம் என்பதால் துணைக்குப் போனேன்.

அன்றிரவு ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் அவன் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை, இருபது குரோனர் டிக்கெட்டில் மெட்ரோ. நகரத்துக்கு அரைமணி நேரம்.

"வேலை போனா, வதனியைக் கூப்பிடுற அலுவலும் போச்சு அத்தான். விசாவுக்கு நிரந்தர வேலை காட்ட வேணும்" என்றான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் வதனியை அவன் கட்டி ஒரு வருடம்தான்.

நூதனசாலைக்குள் போனதும், முதலில் வினையாகிப்போன கல்லைக் காட்டினான். இரண்டு கையகலம். வாத்து, ரொட்டி, குந்தியிருக்கும் மனிதன் என்று கொத்திய வரிகள். அட்டையில் 'எகிப்து, கல்லறைக் கல்வெட்டுத் துண்டு' என்றும் அன்பளிப்புச் செய்தவரின் முழுப்பெயரும் இருந்தன. அட, தூக்கிவந்தவனுக்குப் பெயர் உண்டு, செத்தவனுக்கு இல்லையா?

"இஞ்சத்தை ஆக்கள் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தேக்கை கேட்டனான். இதாலை போறவை எனக்குச் சாப்பாடு தாங்கோ எண்டு செத்த ஆள் கேக்குதாம். ஒருத்தரும் குடுக்கேல்லை. அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைச்சதிலை ஒரு வடையைக் கொண்டுவந்து வைச்சனான்."

பத்து மணிக்கு அலுவலக அறை. மேலாளர் அம்மையார் சிரித்த முகத்தோடு, சாப்பாடு வைத்தால் பூச்சி வரும், பழம்பொருள் பழுதாகும் என்றார். அது நியாயம். ரவி மன்னிப்புக் கேட்டான். எச்சரிக்கையோடு விடுவதாகச் சொல்லி, கையெழுத்துக்கு ஒரு படிவத்தை நீட்டினார். 'காட்சிக்கூடத்தில் குப்பை போட்டேன்' என்றிருந்தது.

ரவி பேனாவை மேசையில் வைத்தான். "சாப்பாடு எண்டு மாத்தச் சொல்லுங்கோ அத்தான்."

கேட்டேன். படிவத்தில் அப்படியொரு வகை இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன திமிர்! கல்லில் இருப்பதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தெரியும், அதன்படி செய்தவன் குப்பை போட்டவனா? ஆனால் வதனியின் விசா நினைவுக்கு வந்தது. அந்த மனுசியை விட்டுவிட்டு ரவியின் பக்கம் திரும்பினேன்.

"வாயை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போடடா!"

போட்டான். வெளியே வந்ததும், "வேலை தப்பிச்சுது, வா கோப்பி குடிப்பம்" என்றேன். அவன் நகரவில்லை.

"அப்பாவுக்குப் படைச்சதைக் குப்பை எண்டு எழுதிக் குடுத்திட்டன் அத்தான்."

திரும்பும் ரயிலில் ஏழு மணித்தியாலமும் அந்த அம்மையாரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பேனாவை எடுத்து அவன் கையில் திணித்தவன் நான்.