ஒருக்களித்துக் கிடந்த முக்கோணம்

1. பரீட்சை மண்டபம்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஜூனியர் பரீட்சையில் கணக்குத் தாள். என் மாணவன் காதர் கேள்வித்தாளைப் பக்கவாட்டில் திருப்பினான். மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை பாய்ந்து அதைப் பிடுங்கினார். பின்னால் இருந்தவனுக்குக் காட்டினானாம்!

மண்டபத்தில் மை ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் காதர் கத்தினான்: "சார், நீங்கதானே திருப்பச் சொன்னீங்க! சொல்லுங்க சார்!"

2. திருப்பச் சொன்னது ஏன்

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் அந்த ஆங்கிலப் பள்ளிக்கு நான் உதவி ஆசிரியராகப் போனபோது பையன்கள் ஜியாமெட்ரியை மந்திரம் போல ஒப்பித்தார்கள். இருசமபக்க முக்கோணம் என்றால் உச்சி மேலே இருக்கும், கீழ்ப்பக்கத்து இரண்டு கோணமும் சமம். படம் சாய்ந்தால் தீர்ந்தது கதை. அதனால்தான், "சமமான பக்கங்கள் எங்கே சேருதோ, அது மேலே வர்ற மாதிரி தாளைத் திருப்புங்கடா" என்று பழக்கினேன்.

கணக்குப் பிரிவின் தலைவர் யாழ்ப்பாணத்துச் சின்னத்தம்பி மாஸ்டர். வகுப்பு வாசலில் நின்று ஒருநாள் பாடத்தை முழுக்கப் பார்த்தார். "என்ன காணும், பிள்ளையளுக்குக் காத்தாடி விடப் பழக்கிறீரோ?" என்று சிரித்தார்.

3. ஒரு வார்த்தை

அந்தக் கேள்வி இதுதான்: PQ, PR சமம். R கோணம் P கோணத்தைப் போல் இரு மடங்கு. P எவ்வளவு? படத்தில் முக்கோணம் PQ மேல் ஒருக்களித்துக் கிடந்தது.

நான் துரையிடம் விளக்கினேன். அவர் என்னை விட்டுவிட்டுச் சின்னத்தம்பி மாஸ்டரைக் கேட்டார். அப்படியொரு பழக்கம் தம் பள்ளியில் கிடையாது என்றார் அந்த மனிதர், கூசாமல்! பிறகு என் காதருகே, "நீர் வாயை மூடும். பள்ளிக்கூடத்தின்ர பேர் கெட்டுப்போகும்" என்றார்.

காதரை வெளியே அனுப்பினார்கள். மறுபடி எழுதவும் விடவில்லை. சோற்றுக்கடை வைத்திருந்த அவன் அத்தா பள்ளிக்கே வந்தார். "எம்புள்ள ஜூனியர் பாஸ் பண்ணி ஆபீஸ்ல எழுதுற கிராணியாவான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன் வாத்தியாரே. திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்களே!"

அடுத்த வருஷம் சின்னத்தம்பி மாஸ்டர் தம் வகுப்பில் சொல்வது சுவர் தாண்டிக் கேட்டது: "படம் விளங்காட்டிக் கொப்பியைத் திருப்பிப் பிடிச்சுப் பாருங்கோ." பாவி மனுஷன்!

இளம் ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு எதைப் பழக்கினாலும் பரீட்சைக்கு முன்னாலேயே மண்டபத்தை ஆளப்போகிறவர்களிடம் சொல்லி, நாலு பேர் அறிய ஒப்புக்கொள்ள வையுங்கள். பிறகு நியாயம் பேசி ஒன்றும் ஆகாது.

ஒருநாள் அந்தச் சோற்றுக்கடைக்குப் போனேன். காதர்தான் குழம்பு ஊற்றினான்.

"சார், அந்தக் கணக்குக்கு நீங்க விடை சொல்லவே இல்லையே. P முப்பத்தாறுதானே?"

"ஆமாண்டா. Q-வும் R-உம் சமம். ஆக மொத்தம் அஞ்சு P, நூத்தி எண்பது."

"அப்பவே மனசுல போட்டுட்டேன் சார்."

பக்கத்து மேசையில் அவன் வகுப்புத் தோழர்கள் இருவர். கீழ்ப்பக்கத்துக் கோணங்களைச் சமமாக்கி நாற்பத்தைந்து என்று எழுதியும் மற்றக் கேள்விகளில் தேறி, கிராணியானவர்கள்.

"காதர், இங்க கொஞ்சம் குழம்பு ஊத்துலா!"

"இதோ வந்துட்டேன் சார்" என்று ஓடினான்.