அமைதித் தீவில் அரை மணித்தியாலம்

இந்த வேன் ட்ரிப் தொழிலில் என் நிம்மதியைக் கெடுத்தது மழையுமில்லை, டயருமில்லை, நீங்கதான். பேர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் கம்பளையில் யாரோ ஒருத்தர்தான் முதலில் வாயைத் திறந்திருக்கிறீங்க. திருகோணமலை டவுன் சந்தடியை விட்டு, போட் ஏறிக் கொஞ்சம் போனால் ஒரு குட்டித் தீவாம், ஈ காக்கா இருக்காதாம், அப்படி ஒரு அமைதியாம். அன்றிலிருந்து கண்டிப் பக்கத்து ஆட்களுக்கு வேறு கடலே பிடிக்கவில்லை.

எத்தனையோ தடவை கூட்டிக்கொண்டு போயாச்சு. எல்லாரும் குளிப்பாங்க, நான் செருப்புக்குக் காவல். ஒரே ஒரு அரை மணித்தியாலம் அந்தத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ட்ரிப் கூட்டிப் போய் நொந்தவங்க யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

சவர்க்காரம்

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரு வேன். கடலுக்கு வருவது முதல் தடவை. போட் தீவை நெருங்கும்போது ஆளாளுக்குப் பையைத் திறந்து சவர்க்காரத் துண்டை எடுத்து, முழங்கால் வரைக்கும் தேய்க்கத் தொடங்கினாங்க. அட்டை கடிக்கக் கூடாதாம். மழைநாளில் மலையில் இறங்குமுன் செய்கிற வேலை. பழகின கை சும்மா இருக்குமா? போட்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். இது உப்புத் தண்ணி, உப்பைக் கண்டால் அட்டை செத்துப்போகும், இங்கே ஒரு அட்டையைக் காட்டினால் மொட்டை அடிச்சுக்கிறேன் என்று கத்தினேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

இறங்கினதும் சவர்க்காரக் காலில் மணல் ஒட்டி, எல்லாக் காலும் ரஸ்க் தூளில் புரட்டின கட்லட் மாதிரி ஆச்சு. கோபத்தில் நான் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். கூட்டத்துக்குத் தலைவியான செல்லம்மா அக்கா மிச்சத் துண்டோடு பின்னாலேயே வந்துட்டாங்க.

“அட்டை என்ன, ஒங்ககிட்ட சொல்லிட்டா வரும்? கால நீட்டுங்க.”

ஆறாவது ஆள்

கெலிஓயாவிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம். சஹன் கட்டிக்கொண்டு வந்தாங்க. பெரிய தட்டில் புரியாணியைக் குவித்து ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறதுதான் சஹன். ஆண்கள் தட்டு நிறைந்தாச்சு. பெண்கள் தட்டில் ஐந்து பேர். ஆள் குறையக் கை வைக்க மாட்டோம் என்று மூத்த மருமகள் பிடிவாதம். அந்தத் தீவில் மிச்சமிருந்த பெண் நான் ஒருத்திதான், அதுவும் அப்போதுதான் ஒரு காலைத் தண்ணீரில் வைத்திருந்தேன். மற்றக் காலையும் வைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அன்றைக்கு என்னைத் திரும்பப் போட்டில் ஏற்ற ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சாப்பாடு. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது அந்த மருமகள் சொன்னது இதுதான்:

“கடல் எங்கயும் ஓடாது அக்கா, புரியாணிதான் ஆறிப் போகும்.”

சத்தம்

கண்டியில் குடியிருக்கிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அமைதிக்காகவே வருகிறேன் என்றார். இன்றைக்கு எனக்கும் வழி பிறந்தது என்று நம்பினேன். மனுசன் மடக்குக் கதிரையை இறக்கி, சரியாக என் பக்கத்தில் விரித்து, அமைதி என்றால் என்ன, அது நரம்புக்கு என்ன செய்யும், நித்திரைக்கு என்ன செய்யும் என்று போட் வரும்வரை விளக்கினார். கடைசியில் அலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“எங்கட பக்கத்துக் கடல் இப்பிடிச் சத்தம் போடாது பிள்ளை. இது மனுசரைக் கதைக்க விடுதில்லை.”

பேரம்

போன மாதம் துணிந்துவிட்டேன். ஆட்களை எல்லாம் முதல் போட்டில் கரைக்கு அனுப்பினேன். தீவில் நானும் இரண்டாவது போட்காரரும் மட்டும். அரை மணித்தியாலம் நிற்கச் சொன்னேன். காற்று எழும்புது, பத்து நிமிடம் என்றார். நான் கம்பளைச் சந்தையில் மரக்கறி விற்று ஆளானவள்; கேட்டதில் ஒரு பிடி குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அவர் பதினைந்துக்கு வந்தார். நான் அவருடைய எஞ்சினை வம்புக்கு இழுத்தேன். இருபதுக்கு வந்தார். போன தடவை நனைந்த பைகளை இழுத்தேன். அவர் காற்றை இழுத்தார், நான் அவர் தொப்பியைக்கூட விடவில்லை. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, சரி, அரை மணித்தியாலமே இருக்கட்டும் என்றார். வென்ற சந்தோசத்தில் செருப்பைக் கழற்றினேன். அவர் போனை எடுத்து நேரத்தைப் பார்த்தார்.

“நீங்க கேட்ட அரை மணித்தியாலம் இப்பதான் முடிஞ்சுது அக்கா. ஏறுங்க.”

ஆகவே, ஊரைக் கிளப்பிவிட்ட மகராசரே, அடுத்த ட்ரிப்புக்கு நீங்களே வந்து ஆட்களை எண்ணி ஏற்றி, என்னை மட்டும் அங்கேயே விட்டுட்டுக் கண்டிக்குப் போய்ச் சேருங்க. திரும்பி வருகிறதை நான் நீந்தப் பழகிப் பார்த்துக்கொள்கிறேன்.