பயனாளி இல்லாத திட்டம்

மேசைமேல், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் சாய்த்து வைத்த கைபேசியிலிருந்துதான் அந்தக் குரலை முதலில் கேட்டேன். குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "முகத்தை அப்புறம் சொல்லுங்க டாக்டர். அவங்க கை என்ன பண்ணிட்டிருக்கு, அதைச் சொல்லுங்க" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கைகளை அப்போதுதான் பார்த்தேன். குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்ததும் உதறிவிட்டு மறுபடி மடித்தாள். குழந்தை அவள் அம்மாவின் மடியில் பசியில் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே, கோழிப்பண்ணைகள் சூழ்ந்த ஓர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம் அது. காற்று திசை மாறினால் கோழி எருவின் வாடை வெளிநோயாளிகள் அறைக்குள் வந்துவிடும். நான் பணியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் பிரசவத்துக்கும் எனக்குப் படிப்பு இருந்தது. மனம் சிதறிப்போய் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதற்கு, தேர்வுக்காகப் படித்த சில பக்கங்களின் ஞாபகம் மட்டும் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தத் திட்டம். சேலத்தில் ஒரு மனநல மருத்துவரை அரசு சம்பளத்தில் உட்காரவைத்து, கிராமத்து மருத்துவர்கள் எந்த நேரமும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். நோயாளி அவரிடம் பேசுவதில்லை. நாங்கள் பேசுவோம். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றே அழைத்தோம்.

அந்தப் பெண்ணுக்கு அது முதல் பிரசவம். எங்கள் நிலையத்திலேயே சுகப்பிரசவம் ஆகி வீட்டுக்குப் போனவள். பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை செய்யும் அவள் அம்மா, பயந்துபோய்த் திரும்ப அழைத்து வந்திருந்தார். "தூங்கவே மாட்டீங்கறாளுங்க. இது எங்கொழந்த இல்ல, மாத்திப்போட்டாங்கங்கறா. நாம் பெத்த புள்ளையா இதுன்னு எனக்கே பயமா இருக்குதுங்க" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்று தாளை எடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க மட்டும் வேண்டாங்க டாக்டரம்மா. மாப்பிள்ளை ஊட்ல தெரிஞ்சா இவளக் கொண்டாந்து உட்டுட்டுப் போயிருவாங்க." மாப்பிள்ளை வீடு குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். அதன் பிறகுதான் மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா, காதில் யாராவது பேசுவதாகச் சொல்கிறாளா, குழந்தையை ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறதா. கடைசிக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்டேன். அந்தப் பெண் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு, "இதக் கெணத்துல போட்டா எங்கொழந்த திரும்பி வந்துருமுன்னு காதுல சொல்றாங்கங்க" என்றாள். அதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். மறுமுனையில் குரல் மாறவேயில்லை. "நல்லவேளை, கேட்டீங்க. பிரசவ வார்டுல படுக்கை இருக்கில்ல, அங்கேயே சேர்த்துடுங்க. பிரசவம் ஆன பொண்ணு பிரசவ வார்டுல இருந்தா யாரும் எதுவும் பேச மாட்டாங்க. குழந்தை பக்கத்துல எப்பவும் வேற ஆள் இருக்கணும். மருந்து நான் சொல்றேன், எழுதிக்குங்க. ரெண்டு நாள்ல தூக்கம் வரலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில நானே பேசறேன்."

தூக்கம் வந்தது. மேடம் காலையும் மாலையும் தானே கூப்பிட்டு விசாரித்தார். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்ட பிறகு, நான் எப்படி இருக்கிறேன் என்றும் கேட்பார். அரசு வேலையில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சில வாரங்களில் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து வாங்க வந்தாள். கணவனும் கூட வந்தான். பிரசவத்தில் உடம்பு மெலிந்துவிட்டது, சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். குடும்பம் நிலைக்க அந்தப் பொய் தேவைப்பட்டது.

மேடத்தை ஒரே ஒருமுறை நேரில் பார்த்தேன். நாமக்கல்லில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில். நான் கற்பனை செய்திருந்ததைவிடக் குள்ளமாக, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவராக இருந்தார். கூட்டத்தை நடத்திய அதிகாரி தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்க திட்டத்துல பயனாளிகள் கட்டம் காலியா இருக்கே. ஒரு நோயாளியைக்கூட நீங்க பார்க்கலையா?"

"பார்த்தது இவங்க சார்" என்று எங்கள் பக்கம் கைகாட்டினார் மேடம். "நான் இவங்களுக்குத் துணையா இருந்தேன்."

"டாக்டருக்கு டாக்டர் எதுக்கும்மா? எல்லாரும் படிச்சுட்டுத்தானே வர்றாங்க?"

சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து அந்தப் பிரசவ வார்டுக் கதையைச் சொன்னேன். வேறு இரண்டு மருத்துவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "இதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா மேல கேட்டா நான் எதைக் காட்டறது?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். காட்ட முடிந்ததைத்தான் அவரால் கேட்க முடியும். அடுத்த பொருளாக, மருத்துவமனை வாசலில் அலங்கார வளைவு கட்டுவது எடுத்துக்கொள்ளப்பட்டு, தேநீர் வருவதற்குள் ஒப்புதலாகிவிட்டது.

திட்டம் நீட்டிக்கப்படவில்லை. அதை யாரும் எங்களுக்கு எழுதிக்கூடத் தெரிவிக்கவில்லை. ஒரு நாள் அந்த எண்ணைக் கூப்பிட்டால், உபயோகத்தில் இல்லை என்றது. மேடம் தன் சொந்த எண்ணைக் கொடுத்து, சம்பளமில்லாமல் சில மாதங்கள் எங்களுக்குப் பதில் சொன்னார். பிறகு கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். வெளியாருக்கு ஆலோசனை சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. "வயித்துப் பாடுன்னு ஒண்ணு இருக்கே டாக்டர்" என்று அவர் சொன்னபோது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. எனக்கும் ஆத்தூர் பக்கம் மாற்றல் வந்தது.

சில ஆண்டுகள் கழித்து அதே ஊருக்குத் திரும்பி வந்தேன். பொறுப்பை ஒப்படைத்த இளம் மருத்துவர் கிளம்பும்போது, அவராகவே ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். அதே பெண். முந்தின வருடம் இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்ததும், முன்பு வந்த நோய் மறுபடியும் வந்திருந்தது. "எனக்கு யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியல டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். அவங்க போகல" என்றார். தன்னைக் காத்துக்கொள்ளும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதும் தாளை நானும் ஒருநாள் இதே மேசையில் கையில் எடுத்தவள்தான். எனக்குப் போனில் ஒருவர் இருந்தார், அவருக்கு இல்லை.

எழுதிக் கொடுத்த சீட்டு மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போயிருக்கிறது. அவர்கள் வந்து அவளைக் குமாரபாளையத்துக்கு அழைத்துப் போய், தறிக்கூடத்தின் பின்னறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தறி ஓடுகிற சத்தத்தில் அவள் கத்தியது தெருவுக்குக் கேட்கவில்லை. அவள் அம்மா போய்ச் சண்டை போட்டு மீட்டு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. சிகிச்சையில் தேறிவிட்டாள். ஆனால் இரண்டு குழந்தைகளும் குமாரபாளையத்திலேயே இருந்துவிட்டன. கணவனின் அக்காதான் வளர்க்கிறாள்.

அன்று மாலை மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மறுபடி வர வாய்ப்பிருக்குன்னு தெரியும் டாக்டர். அடுத்த பிரசவத்துக்கு முன்னாடியே மருந்தை ஆரம்பிக்கணும்னு நினைச்சு வச்சிருந்தேன்" என்றார். பிறகு, யாரோ வருகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பெண் இப்போது மாதாமாதம் என்னிடம் மருந்து வாங்க வருகிறாள். அம்மாவோடு பண்ணைக்கு வேலைக்குப் போகிறாள். பேச்சு தெளிவு, பார்வை தெளிவு. போன முறை வந்தபோது, குழந்தைகளைப் பார்க்க முடிகிறதா என்று கேட்டேன்.

"லீவு நாள்ல பஸ் ஏறிப் போயிட்டு வாரேனுங்க. வாசல்ல நிக்க உடுவாங்க" என்றாள். "பெரியவ அவங்கத்தையத்தானுங்க அம்மாங்கறா. என்னைய அக்கான்னு கூப்புடறா."

நான் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்: "இருந்துட்டுப் போகுதுங்க டாக்டரம்மா. கூப்புடறாளே, அது போதுமுங்க."