தொக்தார் அனுப்பிய கல்

கராதாஸ் தாமிரச் சுரங்கத்தின் மேற்குப் பகுதியில் தொக்தாரின் குழு பாறையை வெடித்து மேலே அனுப்பியது. அந்தக் கல் ஆலைக்குப் போய் அரைபட்டு, மாவாகி, தண்ணீரோடு கலந்து மூன்றாம் வரிசை நுரைத் தொட்டிகளுக்கு வந்து சேரும். அங்கே நின்றிருந்தவள் அவன் மனைவி ராய்கான். காலையில் ஒரே வாசலில் இறங்கி ஆளுக்கொரு பேருந்தில் ஏறிப் போவார்கள்.

ராய்கான் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், பொங்கும் நுரையில் செம்பு ஒட்டிக்கொண்டு மேலே வரும் என்று யாரோ சொன்னபோது கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகு அதுவே பழகிப்போயிற்று. நல்ல கல் வந்தால் நுரை கறுத்துப் பளபளக்கும். வெறும் பாறை வந்தால் துணி துவைத்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். சில வருடங்களில் மூன்றாம் வரிசைக்கு அவளே பொறுப்பாளர் ஆனாள். அதற்குப் பின்தான் எதுவும் புரியாமல் போனது.

மாஸ்கோவிலிருந்து வரும் உற்பத்தித் திட்டத்தில் சுரங்கத்திடம் கேட்டது கல்லின் எடை. ஆலையிடம் கேட்டது செம்பின் எடை. செம்புக் கோடு பாறைக்குள் கை அகலத்துக்கு வளைந்து வளைந்து போகும். அதை மட்டும் பார்த்து எடுத்தால் எடை சேராது. ஆகவே தொக்தாரின் ஆட்கள் கோட்டோடு சேர்த்து இரண்டு பக்கத்துப் பாறையையும் பெயர்த்து அனுப்பினார்கள். எடை சேர்ந்தது. ராய்கானின் நுரை வெளுத்தது.

அந்த வருடம் நவம்பர் புரட்சி விழாக் கூட்டத்தில் இயக்குநர் தொக்தாரை மேடைக்கு அழைத்துப் பதக்கம் குத்தினார். ராய்கான் கை வலிக்கத் தட்டினாள். அடுத்த தாளை எடுத்து, திட்டத்தை எட்டாத பிரிவுகளை அதே இயக்குநர் வாசித்தார். முதலில் வந்தது மூன்றாம் வரிசை. தட்டிய கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உல்ஜான் காதோரம் சொன்னாள்: "ஒரே வீட்டுக்கு ஒரு மாலை, ஒரு குட்டு. ராத்திரி ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்கடி." உல்ஜானின் கணவனும் தொக்தார் குழுவில்தான் இருந்தான்.

வீட்டில் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டே ராய்கான் கேட்டாள்.

"ஏங்க, நீங்க அனுப்புறதுல பாதி வெறும் பாறைதானே?"

"பாதிக்கு மேல."

"அதுல நான் எங்கேருந்து செம்பு எடுக்கிறது?"

"நானா எடை கேக்கறேன்? என்கிட்ட கேக்கறாங்க."

"யாரு?"

"உன்கிட்ட செம்பு கேக்கறாங்கல்ல, அவங்கதான்."

இருவருமே சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பனிக்காலத்தில் ஒரு நாள் தொட்டியில் நுரை கறுத்து எழுந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு முந்தின வாரம்தான் ராய்கான் நுரை எழுப்ப ஊற்றும் பைன் எண்ணெயைக் குறைத்துக் காற்றைக் கொஞ்சம் கூட்டி விட்டிருந்தாள். தன் கைவேலைதான் பலித்துவிட்டது என்று நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. மூன்றாம் வரிசையில் திட்டத்துக்கு மேல் செம்பு வந்தது. ஆலை வாசலில் இருந்த கௌரவப் பலகையில் அவள் படம் ஏறியது. மற்ற வரிசைக்காரர்கள் வந்து பார்த்து, அதேபோல் எண்ணெயைக் குறைத்துக் காற்றைக் கூட்டினார்கள். அவர்களுடைய நுரை வெளுத்தே இருந்தது.

"என்னமோ மறைக்கிறா," என்று பேசிக்கொண்டார்கள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று ராய்கானுக்கே தெரியாது.

ரொட்டிக் கடை வரிசையில் உல்ஜான்தான் உடைத்தாள்.

"படத்துல நல்லா இருக்கே ராய்கான். அந்தப் படத்துக்காக எங்க வீட்டுக்காரருக்குக் கிடைக்கவேண்டிய ஏரிக்கரை ஓய்வு விடுதிச் சீட்டு போச்சு. குழுவுக்கே போச்சு."

"என் படத்துக்கும் விடுதிக்கும் என்னடி சம்பந்தம்?"

"நடிக்காதே. உன் புருஷன் செம்புக் கோட்டை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வெச்சான். பாறையைத் தொடவே விடல. எடை எங்கேருந்து வரும்? தலைவர் பதவியைப் பிடுங்கிட்டாங்களே, அதுகூடத் தெரியாதா?"

ராய்கானுக்குத் தெரியாது. அவன் தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே அழுக்கோடு திரும்பிக்கொண்டுதான் இருந்தான். ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். தொக்தார் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்காகவா செஞ்சீங்க?"

அவன் நிமிரவில்லை. "எதை?"

"உல்ஜான் சொல்லிட்டா."

ஊசியைச் செருப்பில் குத்தி நிறுத்தினான். "உனக்காகன்னு இல்ல. வெறும் பாறையைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போச்சு. கோடு போற வழியிலயே ஒருதரம் போய்ப் பார்க்கணும்னு தோணிச்சு."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா, நல்ல கல் அனுப்புங்கன்னு நீ கேட்டு நான் செஞ்சதா ஆயிருக்கும்."

"இப்ப நான் கேக்காமலேயே அப்படித்தான் ஆயிருக்கு."

"அது சரிதான்," என்றான் தொக்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று பிடிபடவில்லை. அவன் பொய் சொல்கிறானோ என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறான் என்றால் அது இன்னும் கொஞ்சம் வலித்தது. போன மாதம் நுரையைப் பார்த்துத் தனியாக நின்று சிரித்துக்கொண்டது ஞாபகம் வந்து கூசியது.

மறுநாள் ஆலைத் தலைவர் லெவ் ஒசிப்போவிச்சின் அறைக்குப் போனாள்.

"என் படத்தை இறக்கிடுங்க, லெவ் ஒசிப்போவிச். அது என் வேலை இல்ல. கல்தான் நல்லா இருந்திச்சு."

"இறக்கினா பலகையில ஓட்டை விழும்மா. ஏன் ஓட்டைன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"கல் நல்லா இருந்ததுன்னு சொல்லுங்க."

"அப்ப மத்த நாள் கல் நல்லா இல்லியான்னு கேப்பாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "இன்னொண்ணும் கேட்டுக்க. நீ எடுத்த அளவை மேல அனுப்பியாச்சு. அடுத்த வருஷம் உனக்கு அதுதான் திட்டம்."

"அந்தக் கல் இனிமே வராதே."

"அது சுரங்கத்தோட பாடு."

"சுரங்கமும் நம்மதுதானே?"

"நம்மதுதான். வேற யாரோடதாவது இருந்தா சண்டை போட்டிருப்பேன்," என்றார் அவர். கிண்டலாகச் சொன்னாரா, நொந்து சொன்னாரா என்று ராய்கானால் கண்டுபிடிக்க முடியவில்லை.

புதுக் குழுத் தலைவர் பழையபடி எல்லாப் பாறையையும் அனுப்பினார். மூன்றாம் வரிசை ஒவ்வொரு மாதமும் பின்தங்கியது. ஆலை வாசலில் கௌரவப் பலகையில் அவள் படம் இருந்தது. அதற்குப் பக்கத்துப் பலகையில் பின்தங்கியோர் வரிசையில் அவள் பெயர் இருந்தது. கடந்து போகும்போது எதைப் பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தே நடக்கப் பழகினாள். ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு பொறுப்பை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாதாரணத் தொழிலாளியாகத் தொட்டியருகே நின்றாள். தொக்தார் சுரங்கத்தை விட்டு, ஆலைப் பேருந்து ஓட்ட வந்தான். உல்ஜான் நீண்ட நாள் பேசாமல் இருந்தாள். தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவள் எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

வருடங்கள் கழித்து, குடியரசின் தலைநகர் அல்மாட்டியிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்தது. ஆலை கழித்துக் கொட்டிய மண் ஊருக்கு வெளியே மலையாகக் குவிந்திருந்தது. அதில் செம்பு நிறைய மிஞ்சியிருக்கிறது என்றார்கள். அவசர அவசரமாகப் பாறையை அரைத்துத் தள்ளியதில் தப்பிப்போன செம்பு. அதைத் திரும்ப எடுக்கப் புதுப் பிரிவும் பேருக்கு ஒரு புதுத் திட்டமும் வந்தன. நுரை பார்க்கத் தெரிந்தவள் என்று ராய்கானை அங்கே போட்டார்கள்.

புதுப் பிரிவிடம் மண்ணின் எடையைக் கேட்பதா, செம்பின் எடையைக் கேட்பதா என்று இன்னும் யாரும் தீர்மானமாகச் சொல்லியிருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அது முதல் வருடமே திட்டத்தைத் தாண்டியது. மே தின விழாவில் அவளை மேடைக்கு அழைத்துப் பூங்கொத்து கொடுத்தார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒலிபெருக்கி முன்னால் ராய்கான் நின்றாள். தன் கையால் தவறவிட்டதைத் தன் கையாலேயே பொறுக்கியதற்கு இந்தப் பூ என்று சொல்லலாமா, சொன்னால் யாருக்கு வம்பு என்று யோசித்தாள். கூட்டம் காத்திருந்தது.

"மண்ணு நல்ல மண்ணு," என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இறங்கி வந்ததும் தொக்தார் கேட்டான்: "என்ன சொன்னே? பின்னால கேக்கல."

"எனக்கும் சரியாத் தெரியல. வாங்க, பசிக்குது."